பகிர்வு வேற, நிர்ணயம் வேற

தோழர்களே, ஜெர்மன் இடதுசாரிகளோட கதைக்கேக்க எங்கட கோரிக்கையை "அதிகாரப் பகிர்வு" எண்டு சுருக்கிறதை நிப்பாட்டுவம்.

பகிர்வு எண்டால் அதிகாரம் கொழும்பின் சொத்து. விரும்பினால் தரும், விரும்பாட்டில் வச்சிருக்கும். அப்படித்தான் நடந்தது. 1987இன் 13ஆம் திருத்தம் மாகாணங்களுக்கு எழுதிக் கொடுத்த பொலிஸ் அதிகாரம் இன்னும் கைக்கு வரவில்லை. ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தலை வருசக்கணக்காக இழுத்தடிச்சினம்.

1985இல் திம்புவில் தமிழ்த் தரப்பு வைத்த சொல் வேறு: சுயநிர்ணய உரிமை. ஆரும் தாறதில்லை, மக்களே முடிவெடுப்பது. ஜெர்மன்காரருக்கு இது புதுச் சொல்லும் இல்லை. 2024 நவம்பரில் இங்கு நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்தின் பெயரே சுயநிர்ணயச் சட்டம்: பதிவேட்டில் பாலினத்தை மாற்ற நிபுணர் அறிக்கையோ நீதிமன்றத் தீர்ப்போ வேண்டாம், சொந்த வாக்குமூலம் போதும்.

"பெரிய சொல், ஆக்கள் பயப்படுவினம்" எண்டு சில தோழர்கள் சொல்லுகினம். பெரிய சொல்தான். எங்களையும் கேள்வி கேக்கும். 1990இல் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம் மக்களுக்கும் அதே உரிமை எண்டு சொல்லாமல் இந்தச் சொல்லைத் தூக்கேலாது. சொல்லுவம், தூக்குவம். கையேந்துற சொல் எங்களுக்கு வேண்டாம்.