"மூன்றே மாசத்தில் கனடா": புரோக்கர் புளுகு!

திருவொற்றியூர் டீக்கடையில் வெல்டர் தம்பி ஒருவர் "போன்ஜூர்" சொல்லிப் பழகுகிறார். சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது! 2023 முதல் கனடா அரசு பிரெஞ்சு தெரிந்தவர்களைத் தனியாகப் பொறுக்கி எடுக்கிறது. 2025 மார்ச்சில் 379 மார்க்குக்கே 7,500 பேருக்கு அழைப்பு. அதே ஆண்டில் கனடாவிலேயே வேலை பார்த்தவர்களுக்குக்கூட 500-க்கு மேல் தேவைப்பட்டது.

ஆனால், "மூன்றே மாசம், விசா கையில்" என்று பணம் கறக்கிறானே புரோக்கர், அது சுத்தப் புளுகு! கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது நாலிலும் 7-ம் நிலை வேண்டும். ஒன்றில் சறுக்கினாலும் போச்சு. ஷிப்ட் முடித்து வருகிறவனுக்கு வருஷக்கணக்கு ஆகும்.

நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் முறையாகச் சொல்லித் தருகிறார்கள். எண்ணூர்க்காரன் பஸ் பிடித்துப் போய்வருவதற்குள் ராத்திரி ஆகிவிடும். நம்ம பேட்டை மாநகராட்சிப் பள்ளிக்கூடங்கள் சாயங்காலம் சும்மாதானே கிடக்கின்றன? அங்கே ஒரு வகுப்பு வைத்தால் என்னவாம்?