தூசித் திண்ணை

போன வாரம் மாகறலில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. சேயாற்றுப் பக்கம் அதுவரை இல்லாத வானம் ஒன்று வந்து நின்றது. தறிக்குழியிலிருந்து எழுந்து வந்த பெரியப்பா, விருச்சிகத்தின் வால் பக்கம் பால்வீதிக்கு நடுவே கிடந்த கருப்பைப் பார்த்துவிட்டு, "அங்க இழை விட்டுப் போச்சு போலடா" என்றார்.

விடவில்லை. அங்கேதான் சரக்கு அதிகம்.

அந்தக் கருப்பு, பின்னாலிருக்கும் நட்சத்திரங்களை மறைக்கும் தூசி மேகம். ஒரு துகள் மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. குளிர் மைனஸ் 260 டிகிரி. வெட்டவெளியில் இரண்டு அணுக்கள் மோதினால் சூட்டைக் கழிக்க வழியில்லாமல் பெரும்பாலும் பிரிந்துவிடும். தூசியின் மேல் என்றால் அந்தச் சூட்டைத் தூசி வாங்கிக்கொள்ளும். தூசிதான் திண்ணை. கார்பன் மோனாக்சைடு அதில் உறைந்து உட்கார்ந்திருக்கும். ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டும். இரண்டு ஒட்டினால் ஃபார்மால்டிஹைடு, நான்கு ஒட்டினால் மெத்தனால். ஆமாம், 2024-ல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து அத்தனை உயிர்களைக் குடித்த அதே மெத்தனால். பக்கத்தில் நட்சத்திரம் பிறந்து சூடேறினால் பனி ஆவியாகும். ரேடியோ தொலைநோக்கி ஒவ்வொரு மூலக்கூறையும் அதனதன் அலைவரிசையை வைத்து அடையாளம் காணும். விண்வெளியில் ஃபார்மால்டிஹைடு சிக்கியது 1969-ல். தனுசு ராசித் திசையில் எத்தில் ஆல்கஹாலே 1975-ல் அகப்பட்டது.

அந்த மேகங்களின் குளிருக்கு நெருக்கமான குளிரைச் சென்னையிலேயே உண்டாக்கியிருக்கிறார்கள். ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு, காற்றை ஏறக்குறைய முழுவதுமாக உறிஞ்சிவிட்ட கலத்தில் மைனஸ் 243 டிகிரியில் தண்ணீரையும் மீத்தேனையும் பனியாகப் படியவிட்டுக் காத்திருந்தது. தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டி மீத்தேனை உள்ளே அடைத்துக்கொண்டன. கடலடி அழுத்தத்தில் உண்டாகும் பொருளாகவே நாம் அறிந்திருந்த அந்தக் கூண்டுப் பனி, அழுத்தமே இல்லாத இடத்திலும் உருவாகும் என்று 2019-ல் தெரிந்தது. என்னைக் கேட்டால், நம் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் இதற்குக் கொடுத்திருக்க வேண்டும்.

"மேல அதுக்கெல்லாம் எத்தனை நாள் ஆவும்?"

"லட்சக்கணக்கான வருஷம், பெரியப்பா."

"கூலி கட்டுப்படியாவாதே" என்றார்.

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தெருவிளக்கில் கருப்பும் போச்சு, வெள்ளையும் போச்சு. வரும் ஆடி அமாவாசையன்று இரவு ஒன்பது மணிக்கு ஊரைத் தாண்டி ஏதாவது வரப்பில் நின்று தெற்கே பாருங்கள். கண் பழகக் கால் மணி நேரமாவது ஆகும். செல்போனை எடுக்காதீர்கள்.