டர்போ விழுங்கிய சத்தம்

பத்திக்காரர் இந்த வாரம் கடுப்பில் இருக்கிறார். ஊர் அடங்கிய பிறகு எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு செடான் கார் பட்டாசு கொளுத்திக்கொண்டு போகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் சைலன்ஸருக்குள் டமார் டமாரென்று வெடிக்கும் ஜாதி. கன்டெய்னர் டிரெய்லர்களின் ஏர் ஹாரனோடு அவர் நடத்திவரும் சண்டை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு அத்துப்படி. இப்போது ஒரு எதிரி கூடியிருக்கிறார்.

இந்த நேரம் பார்த்துத்தான் ராயபுரத்துப் பக்கத்து வீட்டுப் பையன் வந்து கேட்டான்: "அண்ணா, நம்ம வெர்னா டர்போவுக்கு எந்த எக்ஸாஸ்ட் போடலாம்?"

திட்டித் தீர்த்துவிட்டு, பிறகு பதில் சொன்னார். கேட்டவனிடம் விவரம் சொல்லாமல் அனுப்புவது அவருக்குப் பழக்கமில்லை.

அந்த மாடல் 2023 மார்ச்சில் வந்தது. 1.5 லிட்டர் டர்போ, 160 குதிரைசக்தி, இருங்காட்டுக்கோட்டையில் தயாராவது. டர்போ வண்டியில் புகைக்குழாயை மாற்றினால் பலன் உண்டு என்பது பொய்யில்லை. எஞ்சினிலிருந்து வரும் சூடான புகைதான் டர்பைனைச் சுற்றுகிறது. டர்பைனைத் தாண்டிய பிறகு அந்தப் புகைக்கு வழி எவ்வளவு தாராளமாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் டர்போ வேகம் பிடிக்கும். அதனால் உண்மையான ஆதாயம் டர்போவை ஒட்டி இறங்கும் டவுன்பைப்பில் இருக்கிறது. சிக்கலும் அங்கேதான். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கும் இடம் அது. 1995 ஏப்ரலில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அதை நான்கு பெருநகரங்களில் கட்டாயமாக்கியபோது, அதில் மெட்ராஸும் ஒன்று. மணலித் தொழிற்சாலைக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர்கள் அதைக் கழற்றிக் குப்பையில் போடச் சொல்லிக் கேட்பதைப் பத்திக்காரரால் ஜீரணிக்க முடியவில்லை.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாயை மட்டும் மாற்றினால்? சக்தி கொஞ்சம்தான் கூடும், சத்தம்தான் அதிகம். அதற்கும் பொருள் பார்த்து வாங்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் போடும் 409 ரக ஸ்டீலில் குரோமியம் 11 சதவீதம்தான்; 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. காசிமேட்டு உப்புக்காற்றில் அந்த 304கூடப் புள்ளி புள்ளியாக அரிக்கும். வளைவுகளில் குழாய் நசுங்காமல் ஒரே விட்டத்தில் இருக்கிறதா, வெல்டிங் ஆர்கானில் செய்ததா என்று கை வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. நடுவில் இருக்கும் ரெசனேட்டரை எடுத்துவிட்டால் நெடுஞ்சாலையில் காருக்குள்ளேயே ஒரு ரீங்காரம் கிளம்பி, பெங்களூரு போய்ச் சேர்வதற்குள் தலைவலி வந்துவிடும்.

சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இரைச்சல், புகை விதியை மீறினால் 190ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை, கூடவே மூன்று மாதம் லைசென்ஸும் போகும். பிடிபட்ட சைலன்ஸர்களை வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிப் படம் எடுத்துக்கொள்வது பல ஊர் போலீஸாருக்கு இப்போது பிடித்த காட்சி. அந்த ரோலர் டிரெய்லர் ஹாரன் பக்கம் எப்போது திரும்பும் என்று கேட்கவே வேண்டாம் என்றுதான் பத்திக்காரர் இருந்தார். கேட்டுவிட்டார்.

"சரிண்ணா, பவர் வேணாம். சத்தத்துக்காகத்தான்" என்றான் பையன்.

சத்தத்துக்காக என்றால் அவன் வாங்கியதே தப்பான எஞ்சின். எஞ்சினிலிருந்து புகை துடிப்புத் துடிப்பாக வருகிறது. அந்தத் துடிப்பின் வீரியத்தை டர்பைன் உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைத்தான் குழாய்க்கு அனுப்புகிறது. டர்போவே பாதி சைலன்ஸர். போதாததற்கு நான்கு சிலிண்டர். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது நொடிக்குச் சுமார் 67 முறை வெடிக்கிறது. காதுக்கு அது ஒரே இழுப்பான உறுமல். அதில் தாளம் கிடையாது. நள்ளிரவுப் பட்டாசும் எஞ்சினின் இயல்பான குரல் இல்லை. இக்னிஷனைத் தாமதப்படுத்தி, பெட்ரோலைக் குழாய்க்குள் எரிய விட்டு, லேப்டாப்பில் எழுதிச் சேர்த்த வெடி. அந்தச் சூட்டில் கன்வெர்ட்டர் சீக்கிரம் சாகும்.

தாளம் வேண்டுமென்றால் ராயபுரத்திலிருந்து வடக்கே திருவொற்றியூர் வரை போனால் போதும். புல்லட் மோட்டார்சைக்கிள் தயாரான இடம் அது.

இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊர் மோட்டார்சைக்கிள் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955இல் கைகோத்து, ராணுவத்துக்காக 350 சிசி புல்லட்டை இங்கே பூட்ட ஆரம்பித்தன. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன. 1957இல் அச்சுகளும் கருவிகளுமே வந்துவிட்டன. 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது. இங்கிலாந்துக் கம்பெனி எழுபதுகளின் தொடக்கத்தில் மூடிப்போனது. 1977இல் திருவொற்றியூர்க்காரர்கள் அதே புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். இதை இந்தப் பத்தியில் முன்பும் சொல்லியிருக்கிறார், இன்னும் சொல்லுவார்.

அந்த இரும்பு வார்ப்பு எஞ்சினின் கணக்கு எளிது. ஒரே சிலிண்டர், 346 சிசி. பிஸ்டன் விட்டம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90. நீளமான ஓட்டம், கனமான ஃப்ளைவீல். அதனால் மெதுவாகச் சுற்றினாலும் நின்றுபோகாது. நிமிடத்துக்கு 900 சுற்றில் விட்டால், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்ற கணக்கில் நொடிக்கு ஏழரை வெடிப்பு. இவ்வளவு மெதுவாக வந்தால் காது ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கும். டுப்பு டுப்பு என்று ஊரே சொல்வது அதைத்தான். சைலன்ஸர் அந்தத் தாளத்தை உண்டாக்குவதில்லை, வெளியே விடுகிறது, அவ்வளவே.

இதைப் புரிந்துகொள்ளாமல் புல்லட்காரர்களும் குழாய் மாற்றித் திரிந்தார்கள். ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், கோல்ட்ஸ்டார், இந்தோரி, பஞ்சாபி என்று சைலன்ஸருக்கு எத்தனை பெயர்! 2008க்குப் பிறகு அலுமினிய எஞ்சின் வந்து, புகை விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் இரும்பு வார்ப்பு எஞ்சின் விடைபெற்றபோது இந்த வியாபாரம் இன்னும் களைகட்டியது. புது வண்டியில் பழைய குரலைத் தேடி, ஷோரூமிலிருந்து நேராகக் குழாய்க் கடைக்குப் போனவர்கள் உண்டு. கிடைத்தது பழைய குரல் இல்லை, அதே புதுக்குரலின் கூச்சல். ஸ்டான்லி மருத்துவமனை வாசலில் அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களிடம் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

2020 நவம்பரில் புல்லட் கம்பெனியின் மீட்டியார் பைக்கோடு அடுத்த எஞ்சின் வந்தது. 349 சிசி, விட்டம் 72, ஓட்டம் 85.8. அதிர்வைக் கொல்ல ஒரு பேலன்ஸர் ஷாஃப்டும் சேர்த்தார்கள். கை மரத்துப்போகாமல் திருப்பதி போய் வரலாம், மறுப்பதற்கில்லை. ஸ்டார்ட் செய்து நிறுத்தி வைத்தால் குரலும் பரவாயில்லை. வேகம் எழுபதைத் தாண்டினால் தையல் மெஷின். இதைச் சொன்னதற்குப் பத்திக்காரரின் சொந்த மைத்துனரே இரண்டு நாள் பேசவில்லை. அவர் வைத்திருப்பது அந்த எஞ்சின்தான். மற்ற மீட்டியார்காரர்களும் தாராளமாகக் கடிதம் எழுதலாம். டிரெய்லர் ஹாரன் பற்றிய புகார்களை மட்டும் தயவுசெய்து தனிக் கவரில் போடவும். அந்தக் கட்டு ஏற்கனவே கனமாகிவிட்டது.