மாத்திரை அட்டையில் இருக்கிறது; ரத்தத்தில் இருக்கிறதா?

காசநோய்க்கு மாத்திரை சாப்பிடும் குழந்தையின் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ரிஃபாம்பிசின் செய்யும் வேலை அது. அந்த நிறத்தைப் பார்த்து, மருந்து பிடிக்கிறது என்று தாய் மனம் ஆறுகிறாள். மாத்திரை உள்ளே போனதற்குத்தான் அந்த நிறம் சாட்சி. கிருமியைக் கொல்லும் அளவுக்கு மருந்து ரத்தத்தில் சேர்ந்ததற்கு அல்ல. இது தாய்க்குத் தெரியாமல் இருக்கலாம். தெரியாது என்று சுகாதாரத் துறை சொல்ல முடியாது.

வயதும் ஊட்டக்குறைவும் குழந்தைகளின் ரத்தத்தில் மருந்தளவை மாற்றுகின்றன என்பதைச் சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2013-லேயே எழுதிவிட்டது. சின்னஞ்சிறு உடல் மருந்தை வேகமாகக் கழித்துவிடுவதால்தான், 2010-இல் உலக சுகாதார நிறுவனம் ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்தின் அளவை உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக உயர்த்தியது. உயர்த்தியும் போதவில்லை. ஒரே எடையுள்ள இரு பிள்ளைகளில் ஒருவரின் கல்லீரல் ஐசோனியசிடைச் சீக்கிரம் கரைத்துவிடும். மற்றவரிடம் அது தங்கும். மாத்திரை கொடுத்த இரண்டு மணி நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அந்தச் சோதனை இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வார்டுக்கு வராதது வெட்கக்கேடு.

அதைவிட வெட்கக்கேடு, எடை மேடை பக்கத்திலேயே இருந்தும் பிள்ளையை அதில் நிறுத்தாதது. 4 முதல் 7 கிலோ வரை ஒரு மாத்திரை. 8 கிலோ ஆனால் இரண்டு. தேறி வரும் பிள்ளைக்கு முதல் நாள் எடையை வைத்தே கடைசி வரை மாத்திரை கொடுத்தால், பாதி மருந்தோடுதான் அது நோயை எதிர்க்கிறது. அரைகுறை மருந்தில் நோய் திரும்பும். கிருமி மருந்துக்கு அடங்காததாகவும் மாறும்.

பெரியவர்களின் எடையையும் மூச்சையும் அளந்து ஆபத்தில் இருப்பவரைப் பிரித்தெடுக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை 2022-இல் தொடங்கியது தமிழகம். அந்த அக்கறை குழந்தைகளுக்கு மட்டும் ஏன் எட்டவில்லை?

ஒவ்வொரு மாதமும் எடை பார்த்து, அன்றே மாத்திரையைத் திருத்த வேண்டும். எடை ஏறாத பிள்ளை, ஊட்டம் குறைந்த பிள்ளை, எச்ஐவி உள்ள பிள்ளை, மூளைக்காய்ச்சல் கண்ட பிள்ளை ஆகியோருக்கு ரத்தத்தில் மருந்தளவு பார்ப்பதை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டாயமாக்க வேண்டும். ஊரக மையங்களிலிருந்து மாதிரி அனுப்ப வழி செய்ய வேண்டும். இவற்றுக்கு நாள் குறித்து அரசாணை வெளியிட வேண்டும்.

அடுத்த மாதம் அந்தத் தாய் நீட்டும் சிகிச்சை அட்டையில், எடைக்கான கட்டம் காலியாக இருக்கக் கூடாது.