மெட்டு எங்கே போயிற்று?

நம் சிங்கவரக் குன்றின் குகையில் பள்ளிகொண்ட ரங்கநாதரைச் சேவிக்க வருவோர், செஞ்சிக் கோட்டையையும் நாயக்க மன்னரையும் பற்றிப் பேசாமல் திரும்புவதில்லை. அந்நாயக்கர்களின் கை சிதம்பரம் வரையில் எட்டியது. அச்சிதம்பரத்தில், சுமார் 400 ஆண்டுகளுக்கு முன், நடராஜப் பெருமானைப் பாடிப் பரவிய சீர்காழி முத்துத்தாண்டவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பல்லவி, அநுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில், தியாகையருக்கு நெடுங்காலம் முன்பே தமிழில் கீர்த்தனம் செய்தவர் அவர். ஆலயத்தில் அன்று முதலில் காதில் விழும் சொல்லையே எடுத்துப் பாடுவார் என்பது கர்ணபரம்பரை. சுமார் 60 கீர்த்தனங்களும் 25 பதங்களும் கிடைத்துள்ளன. அவர் பாடிய மெட்டுக்களோ கிடைக்கவில்லை. இன்று கச்சேரிகளில் நாம் கேட்பவை பின்வந்த வித்வான்கள் அமைத்தவை.

இங்கிலாந்தில் ஈட்டன் கலாசாலையில், 1500-ஆம் ஆண்டையொட்டி எழுதப்பெற்ற தேவாலய இசைச் சுவடி ஒன்று உளது. அதில் கீதங்கள் பல இயற்றிய ஜான் பிரௌன் என்பவரின் சரித்திரம் அநேகமாக ஒன்றும் தெரியாது. எனினும் ஸ்வரக் குறிப்பு இருப்பதால் அவருடைய இசையை இன்றும் பாடுகிறார்கள். அங்கே ஆள் மறைந்தார், இசை நின்றது; இங்கே கதை நின்றது, இசை மறைந்தது.

குருமுகமாய்க் கற்கும் நம் மரபை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் ஒரு தலைமுறை கற்க மறந்தால் மெட்டு மடிந்துபோம். 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கம் பழம்பாடல்களுக்கு மேடையளித்தது. நம் வீட்டுப் பாட்டிமாரின் தாலாட்டையும் நலுங்குப் பாட்டையும் யார் காப்பது? அவர்கள் பாடும்போதே ஸ்வரப்படுத்தியோ ஒலிப்பதிவு செய்தோ வைத்தல் நம் கடமையேயாம்.