குருதி ஈந்த தலைவர்

சென்ற மாதம் ஒரு மாலையில் இளைஞர் நால்வர் நம் இல்லத்திற்கு வந்து, தங்களுக்குள் எழுந்த வழக்கொன்றைத் தீர்த்து வைக்குமாறு கேட்டனர். கிரிக்கெட் அணித் தலைவர்களுள் தலைசிறந்தவர் யார் என்பதே வழக்கு. ஒருவர் வெற்றிகளின் எண்ணிக்கையை அடுக்கினார். மற்றொருவர் கோப்பைகளின் எண்ணிக்கையை அடுக்கினார். நாம் சொன்ன பெயரையோ அவர்களுள் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. அவர் தலைமை தாங்கியவை 15 டெஸ்ட் ஆட்டங்கள் மட்டுமே. தலைவராகப் பொறுப்பேற்று ஆடிய முதல் தொடரிலேயே தோற்றவர் அவர். "தோற்றவரையா சொல்கிறீர்கள்?" என்று இளைஞர்கள் வியந்தனர். அவர்களுக்கு அன்று சொன்னதை நம் வாசகக் குடும்பங்களுக்கும் சொல்ல விழைகிறோம்.

அவர் பெயர் பிராங்க் வொரெல். கரிபியன் கடலிலுள்ள பார்படோஸ் என்னும் சிறு தீவில் 1924 ஆகஸ்டு முதல் நாள் பிறந்தார். அதே தீவில், ஏறத்தாழ ஒரே வட்டாரத்தில், ஒன்றரை ஆண்டு இடைவெளிக்குள் எவர்டன் வீக்ஸ், கிளைட் வால்காட் என்னும் இருவரும் பிறந்தனர். மூவரும் மேற்கிந்தியத் தீவுகள் அணியின் மட்டையாளர்களாக உலகப் புகழ் பெற்றனர். 1950-இல் இங்கிலாந்து மண்ணில் அந்த அணி முதன்முதலாகத் தொடரை வென்றபோது, நாட்டிங்காம் நகரில் வொரெல் ஒரே ஆட்டக்கூறில் 261 ஓட்டங்கள் குவித்தார். மொத்தம் 51 டெஸ்ட் ஆட்டங்களில் 3860 ஓட்டங்களும் 69 விக்கெட்டுகளும் அவர் கணக்கில் உள்ளன. ஆட்டத்தின் நடுவே கல்வியையும் அவர் கைவிடவில்லை. இங்கிலாந்தில் குழு ஆட்டங்களில் பங்கேற்று வாழ்ந்த காலத்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார்.

ஆனால் அவரை மட்டையாளராக மட்டும் பார்த்தால் பாதி மனிதரையே பார்த்தவராவோம். அந்நாளைய மேற்கிந்தியத் தீவுகளின் நிலையை இங்கு நினைவுகூர வேண்டும். அணியில் ஓட்டம் எடுத்தவர்களும் பந்து வீசியவர்களும் பெரும்பாலும் கறுப்பின மக்களே. தலைமையோ வெள்ளையர் கையிலோ, வெளிர்நிறத்தாராகிய மேற்குடியினர் கையிலோ இருந்து வந்தது. 1948-இல் மாபெரும் ஆட்டக்காரரான ஜார்ஜ் ஹெட்லி ஒரே ஓர் ஆட்டத்திற்குத் தலைமை தாங்கினார், அவ்வளவே. ஒரு முழுத் தொடருக்குக் கறுப்பினத்தார் எவரும் 1960 வரை தலைவராக அமர்த்தப்பட்டதில்லை. அவ்வாண்டில் டிரினிடாடில் 'நேஷன்' இதழின் ஆசிரியராக இருந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ் என்னும் அறிஞர், தலைமைப் பொறுப்பு வொரெலுக்கே உரியது என்று ஓயாது எழுதினார். மக்கள் குரலும் அதனுடன் சேர்ந்தது. 1960-61 ஆஸ்திரேலியப் பயணத்திற்கு வொரெல் தலைவராகச் சென்றபோது அவருக்கு வயது 36.

நீண்ட காலம் மறுக்கப்பட்ட உரிமை கைக்கு வரும்போது மனித உள்ளத்தில் என்ன எழும்? பழைய கணக்கைத் தீர்க்கும் ஆசை எழுவது இயல்பு. அவருக்கு முன்பு தலைவராக இருந்த ஜெரி அலெக்சாண்டர் அதே அணியில் விக்கெட் காப்பாளராக உடன் சென்றார். அவரை ஓரத்தில் நிறுத்தி வைப்பது வொரெலுக்கு எளிது. மனம் கசந்து ஒதுங்கி நிற்பது அலெக்சாண்டருக்கும் எளிது. இரண்டும் நிகழவில்லை. அந்தத் தொடரின் ஐந்து டெஸ்டுகளிலும் அலெக்சாண்டர் குறைந்தது ஓர் அரைச் சதமேனும் எடுத்தார். 484 ஓட்டங்களுடன் தம் அணியின் சராசரிப் பட்டியலில் முதலிடம் பெற்றார். தலைமையிலிருந்து இறங்கிய ஒருவர், தமக்குப் பின் வந்தவரின் கீழ்த் தம் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடினார் என்றால், அப்பெருமை இருவருக்கும் உரியதன்றோ?

வேறொரு இடரும் அவர்முன் இருந்தது. மேற்கிந்தியத் தீவுகள் என்பது ஒரே நாடன்று. பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் எனக் கடலால் பிரிக்கப்பட்ட தீவுகளும், தென்னமெரிக்கக் கரையிலுள்ள கயானாவும் சேர்ந்தே அந்த அணி அமைகிறது. ஆப்பிரிக்க அடிமைகளின் மக்களும், இந்தியாவினின்று கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றவர்களின் வழித்தோன்றல்களும் அதில் உண்டு. ரோகன் கன்ஹாயும் ஜோ சாலமனும் இப்பிந்திய மரபினர். தீவுக்குத் தீவு பொறாமை. இனத்திற்கு இனம் ஐயம். இவர்களை அரசியலில் ஒன்றிணைக்க 1958-இல் அமைந்த கூட்டாட்சி நான்கே ஆண்டுகளில், 1962-இல், உடைந்து போயிற்று. வொரெல் இணைத்த அணியோ உடையவில்லை. தன் தீவுக்காக ஆடுகிறேன் என்ற எண்ணத்தை மாற்றி, ஒருவர் மற்றவருக்காக ஆடும் குழுவாக அதனை அவர் ஆக்கினார்.

அதன் பயனை உலகம் 1960 டிசம்பர் 14 அன்று பிரிஸ்பேன் நகரில் கண்டது. முதல் டெஸ்டின் கடைசி நாள். ஆஸ்திரேலியா வெல்லத் தேவை 233 ஓட்டங்கள். 92 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் வீழ்ந்தபின், அணித் தலைவர் ரிச்சி பெனோவும் ஆலன் டேவிட்சனும் சேர்ந்து 134 ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தைத் திருப்பினர். டேவிட்சனைச் சாலமன் எறிந்து வீழ்த்தினார். மாலை ஆறு மணி நெருங்கிய வேளையில் கடைசி ஓவர் தொடங்கியது. அந்நாளில் அங்கே ஓவருக்கு எட்டுப் பந்துகள். தேவை 6 ஓட்டங்கள். கையில் 3 விக்கெட்டுகள். பந்து வெஸ்லி ஹாலின் கையில்.

துள்ளி எழும் பந்தைப் பெனோவுக்கு வீசாதே என்று வொரெல் முன்னரே சொல்லியிருந்தார். இரண்டாம் பந்தில் ஹால் அதையே வீசினார். பெனோ அதை அடிக்க முயன்று காப்பாளர் கையில் அகப்பட்டார். மகிழ்ச்சியில் ஓடி வந்த ஹாலிடம் வொரெல், தாம் சொன்னது என்ன என்பதை அமைதியாக நினைவூட்டினார். ஐந்தாம் பந்தில் வாலி கிரவுட் வானளாவ அடித்த பந்தைப் பிடிக்கக் கன்ஹாய் காத்து நின்றார். ஆர்வ மிகுதியால் ஹாலே குறுக்கே பாய்ந்து அதைக் கைநழுவ விட்டார். அப்போதும் தலைவர் நிதானம் இழக்கவில்லை. ஆறாம் பந்தில் இரண்டு ஓட்டங்கள் எடுக்கப்பட்டு இரு அணிகளின் எண்ணிக்கையும் சமமாயிற்று. வெற்றிக்குரிய மூன்றாம் ஓட்டத்திற்கு விரைந்த கிரவுட்டை, எல்லைக்கோட்டருகிலிருந்து கான்ராட் ஹன்ட் எறிந்த எறி வீழ்த்தியது.

ஒரு விக்கெட்டு மீதம். ஒரே ஓட்டம் தேவை. வொரெல் ஹாலின் அருகே சென்று, நோபால் மட்டும் வீசிவிடாதே, வீசினால் பார்படோஸில் நீ கால் வைக்க முடியாது என்று சிரித்தபடி எச்சரித்தார். ஹால் இதைப் பிற்காலத்தில் பலமுறை நகைச்சுவையோடு சொன்னதுண்டு. அச்சத்தால் இறுகி நின்றவனை நகைமொழியால் தளர்த்தி, அதே வேளையில் செய்ய வேண்டியதையும் உணர்த்திய அருங்கலையை நாம் இங்குக் காண்கிறோம். ஏழாம் பந்து. மட்டையில் பட்டு ஓடிய பந்தைச் சாலமன் பற்றி எறிந்தார். அவர் நின்ற கோணத்தில் ஏறக்குறைய ஒரு குச்சியே கண்ணுக்குத் தெரிந்தது. எறி அதனைத் தாக்கியது. வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. 1877-இல் தொடங்கிய டெஸ்ட் வரலாற்றில் சமநிலையில் முடிந்த முதல் ஆட்டம் அது. இரண்டாவது ஆட்டம், 1986 செப்டம்பரில், நம் சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே நிகழ்ந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தொடரின் முடிவில் ஆஸ்திரேலியா இரண்டுக்கு ஒன்று என வென்றது. மெல்போர்னில் நடந்த கடைசி டெஸ்டை ஒரு நாளில் மட்டும் 90,000-க்கு மேற்பட்டோர் கண்டனர். வெற்றி பெற்ற தம் நாட்டு வீரர்களை மக்கள் பாராட்டியதில் வியப்பில்லை. 1961 பிப்ரவரியில், தோற்றுத் திரும்பும் விருந்தினரைத் திறந்த கார்களில் ஏற்றி மெல்போர்ன் வீதிகளில் ஊர்வலமாக அழைத்துச் சென்றதும், வழியனுப்ப மக்கள் வெள்ளம் திரண்டு நின்றதுமே வியப்பு. அந்த இரு நாடுகள் மோதும் தொடருக்கு இன்றும் 'பிராங்க் வொரெல் கோப்பை' என்றே பெயர். சமநிலையில் முடிந்த ஆட்டத்தின் பந்தொன்று அக்கோப்பையில் பதிக்கப்பட்டது. அதை முதன்முதலில் வென்ற பெனோவின் கையில் ஒப்படைத்தவர் தோற்ற தலைவராகிய வொரெலே.

தோல்வியை இவ்வளவு இன்முகத்தோடு ஏற்பவர் வெற்றியில் நாட்டமற்றவரோ என்று எவரும் ஐயுறலாம். அடுத்த ஆண்டே இந்தியாவை ஐந்துக்குச் சுழி எனத் தோற்கடித்தார். 1963-இல் இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே மூன்றுக்கு ஒன்று என வென்றார். அத்தொடரின் இலண்டன் லார்ட்ஸ் ஆட்டம் கடைசி ஓவரில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அவர் கைக்குப் பந்து வந்தது. எறிந்தால் தவறக்கூடும். 38 வயதில், ஓட்டத்திற்கு விரைந்த டெரெக் ஷாக்கிள்டனோடு போட்டியிட்டு ஓடி, பந்தோடு சென்று குச்சிகளைத் தட்டினார். கை முறிந்து மாவுக்கட்டுடன் இருந்த காலின் கவுட்ரி மறுமுனையில் வந்து நிற்க, ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. பதற்றம் மிகும் நேரத்தில் பிறரை ஏவாமல் தாமே செய்து முடித்தவர் அவர்.

இனி, இவரை நாம் தேர்ந்ததற்கு உரிய காரணத்திற்கு வருகிறோம். 1962 மார்ச்சு மாதம் இந்திய அணி பார்படோஸ் தீவில் ஆடியது. அந்நாளில் தலைக்கவசம் கிடையாது. உள்ளூர் அணியின் வேகப்பந்து வீச்சாளர் சார்லி கிரிபித் வீசிய பந்து, இந்தியத் தலைவர் நாரி கான்ட்ராக்டரின் மண்டையைத் தாக்கியது. மண்டையோடு உடைந்து, அவர் பல நாள் உயிருக்குப் போராடினார். அவசர அறுவைச் சிகிச்சைக்குக் குருதி தேவைப்பட்டது. இந்திய வீரர்களாகிய சந்து போர்டே, பாபு நாட்கர்ணி, பாலி உம்ரிகர் ஆகியோர் கொடுத்தனர். அவர்களுக்கும் முன்பாகக் கை நீட்டியவர் எதிரணித் தலைவர் வொரெல்.

கான்ட்ராக்டர் பிழைத்தார். மீண்டும் டெஸ்ட் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை; ஆயினும் முதல்தர ஆட்டங்களில் பின்னும் பல ஆண்டுகள் ஆடினார். அவர் இடத்தில் 21 வயதான பட்டோடி நவாபு இந்தியத் தலைவரானார். ஆடுகளத்திலோ வொரெலின் அணி சற்றும் விட்டுக்கொடுக்கவில்லை. எஞ்சிய டெஸ்டுகளையும் வென்றது. கருணையும் கடமையும் அவரிடம் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. களத்தில் எதிரி, படுக்கையில் சகோதரன் என்ற தெளிவு அவருக்கு இருந்தது.

1963 தொடருடன் வொரெல் ஓய்வு பெற்றார். தமக்குப் பின் கார்பீல்டு சோபர்ஸ் வளர வழிவிட்டார். 1964-இல் 'சர்' பட்டம் பெற்றார். மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதிக் காப்பாளராகவும், ஜமைக்கா மேலவை உறுப்பினராகவும் தொண்டாற்றினார். 1967 மார்ச்சு 13 அன்று, 42-ஆம் வயதில் மறைந்தார். பிறர் உயிர்க்குக் குருதி ஈந்தவரைக் கொண்டுபோனது குருதிப் புற்றுநோய். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவருக்கு நினைவு வழிபாடு நடந்தது. விளையாட்டு வீரர் ஒருவருக்கு அங்கே அத்தகைய சிறப்பு அளிக்கப்பட்டது அதுவே முதல்முறை. பார்படோஸின் ஐந்து டாலர் நோட்டில் அவர் முகம் பொறிக்கப்பட்டது.

இவற்றினும் மேலான நினைவுச் சின்னம் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. வங்காளக் கிரிக்கெட் சங்கம் 1981 முதல் பிப்ரவரி 3-ஆம் நாளைப் பிராங்க் வொரெல் நாளாகக் கொண்டு, கல்கத்தாவில் இரத்த தான முகாம் நடத்தி வருகிறது. அவர் ஆட்டத்தை ஒருநாளும் கண்டிராத எத்தனையோ பேர் அவர் பெயரால் குருதி கொடுத்திருக்கின்றனர். எத்தனையோ நோயாளிகள் அதனால் எழுந்து நடந்திருக்கின்றனர். கான்ட்ராக்டரின் தலையில் பொருத்தப்பட்ட உலோகத் தகடு, ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்து, 2022-இல்தான் அகற்றப்பட்டது. வொரெல் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்பும், அவர் காக்க முன்வந்த உயிர் வாழ்ந்துகொண்டிருந்தது.

நம் குடும்பங்களில் தலைமை என்பது நாள்தோறும் எழும் வினா. தந்தைக்கும் வளர்ந்த மகனுக்கும் இடையே, மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே, சங்கங்களில் பழைய தலைவருக்கும் புதியவருக்கும் இடையே எத்தனை மனத்தாங்கல்கள்! சாவிக்கொத்தைக் கொடுக்க ஒருவருக்கு மனமில்லை; கைக்கு வந்ததும் கொடுத்தவரை மதிக்க மற்றவருக்கு மனமில்லை. வொரெலையும் அலெக்சாண்டரையும் இவர்கள் நினைத்துக்கொண்டால் நலம். பொறுப்பை ஏற்பவர் பழம்பகை பாராட்டாமலும், பொறுப்பை விட்டவர் உழைப்பைக் குறைக்காமலும் இருந்தால், அந்த இல்லம் இரண்டு தலைவர்களைப் பெற்ற இல்லமாகும்.

வந்திருந்த இளைஞர்கள் இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தனர். பிறகு, அவர்களுள் மிக உரக்க வாதிட்டவர், "குருதி கொடுக்க எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும்?" என்று கேட்டார். பதினெட்டு என்றோம். தமக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்றார். வழக்கு அத்துடன் முடிந்தது.