எரிமலை போதும்

புதுமை என்றதும் ராக்கெட்டும் ரோபோவும்தான் எங்கள் நினைவுக்கு வருகின்றன. விஞ்ஞானக் கண்காட்சியிலோ ஆண்டுதோறும் அதே எரிமலை புகைகிறது! (பரிசும் அதற்கே.)

கோவை முருகானந்தம் பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர். 1998-ல் மணமானபின், மாதவிலக்கு நாட்களுக்காக மனைவி கந்தல் துணி சேர்ப்பதைக் கண்டார். கடையில் நாப்கின் வாங்கினால் பால் செலவைக் குறைக்க நேருமாம். ஊரார் நகைத்தனர்; மனைவியும் பிரிந்து சென்றார். அவரோ பல ஆண்டுகள் முயன்று, மரக்கூழிலிருந்து மலிவாக நாப்கின் செய்யும் சிறு இயந்திரத்தை அமைத்தார். பெரிய கம்பெனிகளுக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்கே அதை அளித்தார். மனைவியும் திரும்பி வந்தார். 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஓர் ஆண்மகன் ஆராய்ந்ததை, அந்நாட்களை அனுபவிக்கும் நாங்கள் பேசவும் கூசுகிறோம். அடுத்த கண்காட்சியில் இதற்கும் ஒரு மேசை தருமாறு அருட்சகோதரியரை வேண்டுகிறோம். பெற்றோர் வரும் நாளில் அதைத் துணியிட்டு மூடவேண்டாம்.